கிட்டாரின் ஆயுளைக் காப்பவை: துணைப்பொருள்களில் எது முதலில், எது பிறகு?

எஃகுத் தந்தி பூட்டிய ஒரு கிட்டாரை எவரும் தொடாமல் மூலையில் சாய்த்து வைத்திருந்தாலும், அதன் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான விசையுடன் அதன் கழுத்தையும் மேற்பலகையையும் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த இழுப்பைத் தாங்கும் மேற்பலகையின் தடிமன் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. பலகையைத் தடிப்பாக்கினால் கருவி உறுதி பெறும், ஆனால் அதிர முடியாமல் அதன் ஒலி மங்கிவிடும். எனவே உடையாத வலுவும் அதிரத்தக்க மென்மையும் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையிலேயே கிட்டார் செய்வோர் பலகையை இழைப்பதை நிறுத்துகின்றனர். எல்லையில் நிற்கும் இத்தகைய கருவியைச் சிறிய மாற்றங்களும் பாதிக்கும் என்பதை உணர்ந்தால், அதற்கென வாங்கும் துணைப்பொருள்களைப் பற்றிய கேள்விக்கும் தெளிவான விடை கிடைத்துவிடும்.

கடைகளில் கிட்டாருக்கென விற்கப்படும் துணைப்பொருள்களுள் சில ஒலியை மாற்றுபவை, சில வாசிப்பவரின் வசதிக்கானவை, சில கருவியின் ஆயுளைக் காப்பவை. புதிதாகக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதல் வகையிலேயே பணத்தைச் செலவிட்டுவிட்டு, மூன்றாம் வகையைக் கருவி பழுதடைந்த பிறகே நினைத்துப் பார்க்கின்றனர். ஓயாத இழுவிசை, காற்றின் ஈரம், விரல்களின் வியர்வை ஆகிய மூன்றும்தாம் கிட்டாரைக் கெடுப்பவை என்பதாலும், வெப்பமும் கடற்காற்றும் மிகுந்த தமிழகத்தில் பின்னிரண்டும் ஆண்டு முழுவதும் செயல்படுவதாலும், இவற்றைக் கட்டுப்படுத்தும் பொருள்களுக்கே முதலிடம் தருவது அறிவுடைய செலவாகும்.

தந்தி: முதல் துணைப்பொருள்

கிட்டார் என்ற ஒரே பெயரில் வழங்கும் கருவிகள் உண்மையில் மூவகைப்படும். நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார், எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டார், காந்தச் சுருளின் வழியே ஒலியை மின்குறிப்பாக மாற்றும் எலக்ட்ரிக் கிட்டார் என்ற இம்மூன்றும் தோற்றத்தில் உறவு கொண்டவையாயினும், அவற்றின் உள்கட்டமைப்பு வேறு, தாங்கும் விசையும் வேறு. கிளாசிக்கல் கிட்டாருக்கு 1940கள் வரையில் விலங்குக் குடலிலிருந்து முறுக்கப்பட்ட நரம்புகளே மெல்லிய தந்திகளாக இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அறுவைச் சிகிச்சைத் தையலுக்கு அந்த நரம்பு பெருமளவில் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு எழ, நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் வினைஞர், புகழ்பெற்ற ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரெஸ் செகோவியாவின் ஊக்கத்துடன் நைலான் இழையைத் தந்தியாக்கினார். நைலான் தந்தித் தொகுதியின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ; எஃகுத் தந்தித் தொகுதியில் அது ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே, ஒலி உரத்து வரும் என்ற எண்ணத்தில் கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுத் தந்தி பூட்டுவோர், தந்திகள் கட்டப்படும் மரத்துண்டாகிய பிரிட்ஜ் பெயர்வதையும் மேற்பலகை புடைப்பதையும் சில மாதங்களில் காண நேரிடும்.

எஃகுத் தந்திகளின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு அளக்கப்படுகிறது. தொகுதியிலுள்ள மிக மெல்லிய தந்தியின் அளவே முழுத் தொகுதிக்கும் பெயராவதால், கடைக்காரர் 'பத்து' என்றால் முதல் தந்தி 0.010 அங்குலம் என்றும், 'பன்னிரண்டு' என்றால் 0.012 அங்குலம் என்றும் பொருள் கொள்ள வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரில் பன்னிரண்டு தொகுதி 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது, பத்துத் தொகுதி ஏறத்தாழ 60 கிலோ அளவிலேயே இழுக்கிறது. விரல் நுனி இன்னும் காய்ப்பேறாத புதியவருக்கும், பழைய அல்லது மெலிவான கருவிக்கும் மெல்லிய தொகுதியே ஏற்றது. தடித்த தொகுதி உரத்த, நிறைவான ஒலியைத் தந்தாலும், அதற்குரிய விலையை விரல்களும் மரமும் செலுத்துகின்றன.

அக்கூஸ்டிக் கிட்டாரின் தடித்த தந்திகள் எஃகு நடுக்கம்பியின்மேல் செம்புக் கலவைக் கம்பியைச் சுற்றிச் செய்யப்படுபவை. செம்பும் துத்தநாகமும் கலந்த சுற்று தொடக்கத்தில் பளிச்சென ஒலித்து விரைவில் மங்கும். செம்புடன் வெள்ளீயமும் சிறிது பாஸ்பரசும் சேர்ந்த சுற்று சற்றே வெதுவெதுப்பான ஒலியைத் தந்து அதைக் கூடுதல் நாள் தக்கவைக்கும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு நிக்கல் பூசிய எஃகுச் சுற்றுத் தந்திகள் தேவைப்படுகின்றன. காந்தச் சுருள் எஃகின் அசைவை உணருமே தவிர, செம்புக் கலவையை அந்த அளவுக்கு உணராது என்பதே இதற்குக் காரணம்.

தந்தி ஏன் 'சாகிறது' என்பதை அறிந்தால் அதை எப்போது மாற்றுவது என்பதும் விளங்கும். அதிரும் தந்தியின் சுருதி அதன் நீளம், இழுவிசை, அலகு நீளத்துக்கான நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மரான் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் விதியாக வகுத்தார். விரல்களின் வியர்வையும் தோல் துகளும் சுற்றின் இடுக்குகளில் படியும்போது, தந்தியின் நிறை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போவதால், ஒலியின் கூர்மை மங்குவதோடு, ஒவ்வொரு கட்டத்திலும் சுருதி சற்றே பிசகத் தொடங்குகிறது. வியர்வையிலுள்ள உப்பு எஃகைத் துருப்பிடிக்கச் செய்து இதை விரைவுபடுத்துகிறது. இந்தப் படிவைத் தடுக்க, தந்தியின்மேல் மிக மெல்லிய பாலிமர் உறை பூசும் முறையை 1990களில் எலிக்ஸர் என்ற வணிகப்பெயரில் வந்த தந்திகள் பரவலாக்கின. விலை கூடுதலாயினும், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வசிப்போருக்கும் உள்ளங்கை மிகுதியாக வியர்ப்போருக்கும் உறையிட்ட தந்திகள் உண்மையான சிக்கனமாகவே முடிகின்றன. உறையிடாத தந்தி எனில், வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாக உலர்ந்த துணியால் துடைப்பது அதன் ஆயுளைக் கணிசமாக நீட்டிக்கும்.

தந்தி மாற்றுவதற்குத் தேவையான கருவிகள் மூன்று: முறுக்காணியை விரைந்து சுழற்ற உதவும் சுழற்றி, மிச்சத் தந்தியை வெட்டும் வெட்டுக்குறடு, பிரிட்ஜில் செருகியிருக்கும் சிறு முளைகளைச் சேதமின்றிப் பிடுங்கும் பிளவு. இம்மூன்றும் ஒரே கைக்கருவியாக இணைந்தே இப்போது கிடைக்கின்றன. முறுக்காணியில் தந்தி இரண்டு முதல் மூன்று சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலேறாமல் படிந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட சுற்றுகள் மெல்ல நழுவி இறுகுவதால் சுருதி நிலைகொள்ளாது.

சுருதி சேர்க்கும் கருவி

பொதுவழக்கில் கிட்டாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியதாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுரங்களில் சேர்க்கப்படுகின்றன. தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும் மெல்லிய ஈ தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிர வேண்டும் என்ற கணக்கு, நடு ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் எனக் கொள்ளும் உலகப் பொது அளவிலிருந்து பெறப்படுவது. அடுத்தடுத்த இரு அரைச்சுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நூறு சமபங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு சென்ட் என வழங்குகின்றனர். தந்தியின் இழுவிசை வெறும் ஒரு விழுக்காடு தளர்ந்தாலே சுருதி எட்டு சென்டுக்கு மேல் இறங்கிவிடுகிறது. பயிற்சி பெற்ற செவி இதற்கும் குறைவான பிசகையே உணர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்பும் சுருதி சேர்ப்பது தவிர்க்க இயலாத பணியாகிறது.

ஜான் ஷோர் என்ற ஆங்கில எக்காளக் கலைஞர் 1711இல் உருவாக்கிய இசைக்கவை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இப்பணிக்குத் துணை நின்றது. இன்று அதன் இடத்தில் மின்னணு ட்யூனர்கள் வந்துவிட்டன. கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்விப் பொருத்தும் ட்யூனர், காற்றில் வரும் ஒலியைக் கேளாமல் மரத்தின் அதிர்வையே அழுத்தமின் படிகத்தின் வழியாக உணர்வதால், இரைச்சல் நிறைந்த வகுப்பறையிலும் மேடையோரத்திலும் பிசகாமல் காட்டும். கைபேசிச் செயலிகள் இலவசமாகக் கிடைத்தாலும், அவை ஒலிவாங்கியை நம்பியிருப்பதால் அமைதியான அறைக்கே ஏற்றவை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் கவ்வு ட்யூனர் ஒன்றே பெரும்பாலோருக்குப் போதுமானது. மேடையில் மின்கம்பி வழியே வாசிக்கும் எலக்ட்ரிக் கலைஞர்களுக்கு மட்டும், காலால் மிதித்து இயக்கும் வகை பயன்படும்.

சுருதி சேர்க்கும்போது, தேவையான சுரத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி முறுக்கி நிறுத்துவதே முறை. மேலிருந்து தளர்த்தி நிறுத்தினால் முறுக்காணியின் பற்சக்கரங்களுக்கிடையே உள்ள தளர்வில் தந்தி பின்னர் நழுவி இறங்கும். முறுக்கும்போது தந்தி தயங்கி, 'டிங்' என்ற ஒலியுடன் திடீரெனத் தாவினால், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்னும் பகுதியின் பள்ளத்தில் அது சிக்குகிறது என்று பொருள். இதற்கென விற்கப்படும் வழுக்குப் பசை இல்லாவிடினும், மென்மையான பென்சிலின் கரியை அப்பள்ளத்தில் தேய்ப்பதே நல்ல தீர்வு.

காற்றின் ஈரம்: காணாத பகை

கிட்டார் பராமரிப்பில் தமிழகத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிகுந்த சேதம் விளைவிப்பதும் காற்றின் ஈரமே. மரம், வளையங்களாக வளர்ந்த தன் நாரின் குறுக்குத் திசையில் ஈரத்தை உறிஞ்சி விரிந்தும், உலர்ந்து சுருங்கியும் அசையும். நெடுக்குத் திசையில் அவ்வாறு அசைவது மிகக் குறைவு. ஒரு கருவியில் பலகைகளும் அவற்றைத் தாங்கும் உட்சட்டங்களும் வெவ்வேறு திசைகளில் ஒட்டப்பட்டிருப்பதால், ஒன்று விரியவும் மற்றொன்று விரியாமலும் நிற்க, அந்த முரண் பலகையை வளைக்கிறது அல்லது பிளக்கிறது. காற்று அந்த வெப்பநிலையில் கொள்ளக்கூடிய மொத்த ஈரத்தில் எத்தனை விழுக்காடு ஈரம் உள்ளது என்பதைக் காட்டும் சார்பு ஈரப்பதம், 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பதே திடமரக் கிட்டாருக்கு உகந்தது.

கடலோரத் தமிழகத்தில் இந்த அளவு இயல்பாக அமைவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமாதலால், மேற்பலகை புடைத்து, பிரிட்ஜ் உயர்ந்து, தந்திகள் விரற்பலகையிலிருந்து விலகி, அழுத்துவதற்குக் கடினமாகின்றன. ஒலி கனத்து மந்தமாகிறது. முறுக்காணிகளில் துருவும் உறைக்குள் பூஞ்சையும் தோன்றுகின்றன. இதற்கு மாறாக, உட்பகுதி மாவட்டங்களின் கோடை நண்பகல்களிலும், குளிர்சாதனம் இடைவிடாது ஓடும் அறைகளிலும் காற்று உலர்வதால், விரற்பலகை சுருங்கி, அதில் பதித்த உலோகக் கட்டைகளின் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறத் தொடங்குகின்றன. உலர்வு மேலும் நீடித்தால் மேற்பலகையில் வெடிப்பு விழுகிறது. ஈரத்திலிருந்து உலர்வுக்கும் உலர்விலிருந்து ஈரத்துக்கும் அடிக்கடி மாறுவதே இவ்விரண்டையும் விடக் கொடியது.

எனவே, ஈரப்பதமானி என்னும் சிறு கருவி ட்யூனருக்கு அடுத்தபடியாக வாங்கத்தக்கது. அதன் துல்லியத்தை வீட்டிலேயே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சமையல் உப்பில் சில துளி நீர் விட்டு, ஈர மணல்போல் குழைத்து, ஒரு புட்டி மூடியில் வைத்து, ஈரப்பதமானியையும் அந்த மூடியையும் காற்றுப் புகாத உறை ஒன்றில் ஓரிரவு அடைத்து வைத்தால், நிறைவுற்ற உப்புக்கரைசல் அந்தக் காற்றை 75 விழுக்காட்டில் நிலைநிறுத்தும். ஈரப்பதமானி 70 எனக் காட்டினால் அது ஐந்து குறைவாகக் காட்டுகிறது என அறிந்து, அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கிட்டார்ப் பெட்டிக்குள் வைப்பதற்கென விற்கப்படும் இருவழி ஈரப்பதப் பொட்டலங்களும் இதே விதியின் அடிப்படையில்தான் இயங்குகின்றன. அவற்றினுள் உள்ள உப்புக்கரைசல், காற்று உலரும்போது ஈரத்தை வெளிவிட்டும் காற்று நனையும்போது ஈரத்தை உள்ளிழுத்தும், பெட்டிக்குள் ஏறத்தாழ 49 விழுக்காட்டை நிலைநிறுத்த முயல்கிறது. மழைக்காலத்தில் அவை ஈரத்தால் உப்பிவிடுவதால், அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை உறிஞ்ச மட்டுமே தெரிந்தது; மழைக்காலத்தில் அது விலை குறைந்த நல்ல துணை, ஆனால் ஈரப்பதமானியின் துணையின்றிக் கோடையிலும் அதையே பெட்டிக்குள் விட்டுவைத்தால் மரம் அளவுக்கு மீறி உலர்ந்துவிடும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் வலியுறுத்தும், ஈரத்தை வெளிவிடும் பஞ்சுக்குழாய் போன்ற சாதனங்கள் கடலோர வீடுகளுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

இவை பயன்தர வேண்டுமாயின் கருவி பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒட்டுப்பலகையால் செய்த கடினப் பெட்டி அடியையும் ஈரத்தையும் ஒருசேரத் தடுக்கும். பஞ்சு வைத்த துணி உறை தோளில் சுமக்க எளிதாயினும், ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது, மழையில் நனைந்தால் ஈரத்தைத் தன்னுள் தேக்கியும் வைத்துக்கொள்ளும். பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் நாள்தோறும் பயணம் செய்யும் மாணவருக்குத் தடித்த பஞ்சுறை போதும். வீட்டில் நெடுநாள் வைத்திருக்கும் கருவிக்குக் கடினப் பெட்டியே ஏற்றது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுச் செல்வது எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாத தீங்கு: மூடிய காரின் உள்வெப்பம் உயர உயர, பிரிட்ஜை மேற்பலகையுடன் பிணைக்கும் பசை இளகி, தந்திகளின் இழுப்பில் பிரிட்ஜ் மெல்ல நகரத் தொடங்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவியை உடனே திறக்காமல், பெட்டிக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு வைப்பது, அதன்மேல் நீர்த்துளி படியாமல் காக்கும்.

துடைப்பதும் எண்ணெயிடுவதும்

தூய்மைக்குத் தேவையானவை மிகச் சிலவே. மெல்லிழைத் துணி இரண்டு போதும்: தந்திகளுக்கு ஒன்று, மெருகிட்ட உடலுக்கு மற்றொன்று. வீட்டில் கண்ணாடி துடைக்கும் திரவமும், மரச்சாமான்களுக்கான சிலிக்கோன் மெருகும் கிட்டாரின் பூச்சுக்கு ஏற்றவை அல்ல. விடாப்பிடியான அழுக்குக்குச் சற்றே ஈரமாக்கிய துணியைப் பயன்படுத்திவிட்டு, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பழைய வகைப் பூச்சு கொண்ட கருவியை, ரப்பர் பிடி கொண்ட தாங்கியில் நெடுநேரம் வைத்தால், இரண்டும் வினைபுரிந்து பூச்சில் அழியாத தழும்பு விழும் என்பதால், அத்தகைய கருவியின் தாங்கிக்குப் பருத்தித் துணி சுற்றுவது முன்னெச்சரிக்கை.

விரற்பலகை ஈட்டி அல்லது கருங்காலி போன்ற பூச்சிடாத மரத்தாலானதாயின், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, தந்தி மாற்றும் நேரத்தில், அதற்கென விற்கப்படும் கனிம எண்ணெயைச் சில துளி தடவி, சிறிது நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் காலப்போக்கில் கெட்டுப் பிசுபிசுத்துத் தூசியை ஈர்ப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பளபளப்பான பூச்சிட்ட மேப்பிள் மர விரற்பலகைக்கு எண்ணெயே தேவையில்லை. விரற்பலகையின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் என்னும் உலோகக் கட்டைகள் மங்கினால், மிக நுண்ணிய எஃகுப் பஞ்சாலோ தேய்ப்பு ரப்பராலோ மெருகேற்றலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் எஃகுப் பஞ்சைப் பயன்படுத்தும்போது, உதிரும் துகள்களைக் காந்தச் சுருள் ஈர்த்துக்கொள்ளாதபடி அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட வேண்டும்.

அளவெடுத்துச் சரிசெய்யும் கருவிகள்

வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுவதால், காலத்துக்குக் காலம் கைதேர்ந்தவர் அவற்றை எடுத்துப் புதிதாக அமைக்க முடிகிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறைந்து நிலையாகப் பதிக்கப்பட்டவை. எனவே, கழுத்தின் வளைவையும் தந்திகளின் உயரத்தையும் மாற்றியே அக்கருவி சீரமைக்கப்படுகிறது. தந்திகளின் இழுப்பால் முன்னோக்கி வளையும் கழுத்தைப் பின்னோக்கி இழுத்துச் சமன்செய்யும் உலோகத் தண்டு, இன்று பெரும்பாலான எஃகுத் தந்திக் கிட்டார்களின் கழுத்துக்குள் பதிக்கப்பட்டுள்ளது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ வடிவமைத்த முறுக்கத்தக்க தண்டுக்கு 1923இல் காப்புரிமை கிடைத்த பிறகு, அந்த அமைப்பு உலகெங்கும் பரவியது.

இதைச் சரிபார்க்க, வாகனப் பட்டறைகளில் இடைவெளி அளக்கப் பயன்படும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டுத் தொகுதியும், அரை மில்லிமீட்டர் கோடிட்ட எஃகு அளவுகோலும் போதும். முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடலுடன் சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தி, நடுவிலுள்ள ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடைப்பட்ட இடைவெளியை அளந்தால், அது 0.1 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருப்பது பொதுவாக நல்லது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், எதையும் அழுத்தாத நிலையில், தடித்த தந்தியின் உயரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியின் உயரம் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் அமைந்தால், அக்கூஸ்டிக் கிட்டார் கைக்கு இசைவாக இருக்கும். கழுத்து மிகுதியாக முன்வளைந்திருப்பின், கருவியுடன் தரப்பட்ட அறுகோணச் சாவியால் தண்டைக் கடிகார முள் திசையில், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மிகாமல் முறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து, மறுநாள் அளந்து பார்க்க வேண்டும். சாவி எளிதில் திரும்பாவிட்டால் விசையைக் கூட்டாமல் நிறுத்திவிடுவதே சரி. தண்டின் மரை சிதைந்தால் அதைச் சீராக்குவது பெருஞ்செலவு. ஃப்ரெட்டைச் சமப்படுத்துதல், நட் பள்ளத்தை ஆழமாக்குதல், பெயர்ந்த பிரிட்ஜை ஒட்டுதல் ஆகியவை பழுதுபார்ப்பவரின் கைக்குரியவை. அவற்றுக்கான அரங்களை வாங்கும் பணத்தை அவருக்கே கூலியாகத் தருவது மேல்.

வாசிப்புக்குத் துணைபுரிபவை

காக்கும் பொருள்கள் கைவந்த பின்னர், வாசிப்புக்கான பொருள்களில் முதலிடம் கேப்போவுக்கு உரியது. எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் இக்கவ்வி, ஒரு ஃப்ரெட் மேலே நகரும்போதெல்லாம் சுருதியை ஓர் அரைச்சுரம் உயர்த்துகிறது. பாடகரின் சுருதியைக் கட்டைக் கணக்கில் கூறும் தமிழ்ச் சூழலில் இதன் பயன் மிகப் பெரிது: ஒரு கட்டையாகிய சி சுரத்தில் பழகிய விரல்வடிவங்களை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ பூட்டினால் ஒன்றரைக் கட்டைக்கும், இரண்டாம் ஃப்ரெட்டில் பூட்டினால் இரண்டு கட்டைக்கும் பாடகருடன் சேர்ந்துவிடலாம். கிளாசிக்கல் கிட்டாரின் விரற்பலகை தட்டையானது, ஏனையவற்றின் விரற்பலகை குறுக்கே சற்று வளைந்தது என்பதால், அந்தந்த வகைக்குரிய கேப்போவையே வாங்க வேண்டும். வில்விசையால் கவ்வுபவை ஒரு கையால் விரைந்து மாற்ற உதவும். அழுத்தத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கத்தக்கவை, தந்தியை அளவுக்கு மீறி நெரித்துச் சுருதியை ஏற்றிவிடாமல் காக்கும். எவ்வகையாயினும் ஃப்ரெட்டுக்கு மிக அருகே, அதன் பின்புறமாகப் பூட்டுவதே முறை.

தந்தியை மீட்டும் சிறு தகடாகிய பிக், ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்யப்பட்டது. அந்த வணிகம் உலகளவில் தடைசெய்யப்பட்ட பின்னர், செல்லுலாய்டும் நைலானும் பிற நெகிழிகளும் அதன் இடத்தை நிரப்பியுள்ளன. அரை மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய பிக் தாளக்கட்டாக வாசிக்க இலகுவானது. ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்தது தனித்தனிச் சுரங்களைத் தெளிவாக எழுப்பும். விலை மிகக் குறைவென்பதால், பல தடிமன்களில் வாங்கிச் சோதித்துத் தேர்வதே சிறந்த வழி. நின்று வாசிப்போருக்குத் தோள்வார் வேண்டும்; பல கிலோ எடையுள்ள எலக்ட்ரிக் கிட்டாருக்கு அது அகலமாகவும், பொத்தானிலிருந்து கழன்றுவிடாத பூட்டுடனும் இருப்பது கருவி கீழே விழாமல் காக்கும். கிளாசிக்கல் முறையில் அமர்ந்து வாசிப்போருக்கு இடக்காலை உயர்த்தும் சிறு பாதப்பலகை, முதுகை நேராக வைக்க உதவும்.

வாங்கும் வரிசையும் அதன் பொருளும்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், குறைந்த செலவில் தொடங்கும் ஒருவருக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. கருவிக்கேற்ற மாற்றுத் தந்தித் தொகுதி, கவ்வு ட்யூனர், துடைக்கும் துணிகள், சுழற்றியுடன் கூடிய வெட்டுக்குறடு ஆகியவை முதல் நாளிலேயே வேண்டும். ஈரப்பதமானி, பெட்டி, பெட்டிக்குள் வைக்கும் பொட்டலம் ஆகியவை முதல் மழைக்காலத்துக்கு முன் வேண்டும். கேப்போவும் பிக்கும் தோள்வாரும் கற்பதன் போக்கைப் பார்த்து வாங்கத்தக்கவை. அளவுத் தகடுகள் கருவியின் இயல்பு ஓராண்டு பழகிய பின்னர் பயன்படும். ஒட்டுப்பலகையால் செய்த விலை குறைந்த கிட்டார் ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மையாயினும், அதன் தந்தியும் முறுக்காணியும் ஒட்டும் அப்படிப் பொறுக்காதவை; எனவே பராமரிப்பு விலையுயர்ந்த கருவிக்கு மட்டுமே உரியது என்று கருதுவது பிழை.

இந்த வரிசையை வலியுறுத்துவதற்குச் சிக்கனத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. உலகெங்கும் செய்யப்படும் அக்கூஸ்டிக் கிட்டார்களில் விரற்பலகைக்கும் பின்பலகைக்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் வழங்கும் இம்மரம், முதிர்ந்து பலகையாவதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்வது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்ட போதிலும், மரத்தின் மீதான கட்டுப்பாடு தொடர்கிறது. தமிழ்நாட்டிலும் ஈட்டி மரங்களைக் காப்பதற்கென 1994ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நன்கு பேணப்படும் ஒரு கிட்டார் பல தலைமுறைகள் வாசிக்கப்படும் ஆற்றலுடையது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் விடப்பட்ட கிட்டாரோ சில ஆண்டுகளிலேயே மாற்றுக்கருவியைக் கோருகிறது. ஒரு ட்யூனரும் ஈரப்பதமானியும் துணியும் உப்பும் கொண்டு தடுக்கத்தக்க இழப்புக்காக இன்னொரு மரத்தை வெட்ட நேரிடாமல் பார்த்துக்கொள்வது, இசையை நேசிப்பவர் தம் கருவிக்கும் அது பிறந்த காட்டுக்கும் ஒருசேரச் செய்யக்கூடிய கடமையாகும்.